நாடாவின் மறுமுனை

பலகை சார் வீட்டில் ‘தொப்’பென்று சத்தம் கேட்டதும் கீழ்வீட்டு பிளம்பர்தான் முதலில் மாடியேறி வந்தார். கதவு திறந்தே கிடந்தது. கட்டிலுக்கும் சக்கர நாற்காலிக்கும் நடுவில் கணவனும் மனைவியும் ஒருவர்மேல் ஒருவராகத் தரையில் கிடந்தார்கள். அடியில் அவள், மேலே அவர்.

“என்ன சார் இது, கல்யாணமாகி இத்தனை வருஷம் கழிச்சு?” என்றார் பிளம்பர். பயத்தை மறைக்க அவருக்கு வேறு வழி தெரியவில்லை.

“சிரிக்க வைக்காதப்பா. என்னைச் சும்மா உருட்டி விடு, போதும். அடியில இருக்கறவளப் பாரு முதல்ல.”

அவளால் எழுந்திருக்க முடியவில்லை. இடுப்புக்குமேல் முதுகில் யாரோ ஆணி அறைந்த மாதிரி இருந்தது. அவரைக் கட்டிலிலிருந்து நாற்காலிக்கு மாற்றப் பார்த்தாள். பாதி வழியில் முதுகு பிடித்துக்கொண்டது. நடந்தது அவ்வளவுதான்.

பலகை என்பது உடற்பயிற்சிக் கூடத்தில் அவருக்கு வைத்த பெயர். அங்கே அவர் பயிற்சியாளர். தொப்பையோடு வருகிறவர்களை முகம் சுளிக்காமல் வரவேற்று, அவர்களே கண்ணாடியில் தங்களை மறுபடி பார்த்துக்கொள்ளும்படி அனுப்பி வைப்பார். அவருடைய வயிற்றில் சோற்றுத் தட்டை வைத்துச் சாப்பிடலாம், அத்தனை சமம். அப்படிப்பட்டவருக்குத்தான் நரம்பில் அந்த நோய் வந்தது. பாதத்தில் ஆரம்பித்து, மேலே மேலே ஏறி, ஒவ்வொரு தசையாக வற்றவைத்துக்கொண்டே போனது. கால்கள் போய்விட்டன. கழுத்தைத் திருப்ப முடியாது. கைகளில் விரல்கள் மட்டும் ஓரளவு சொன்னபடி கேட்டன. குரலுக்கு ஒன்றும் ஆகவில்லை. கூடத்தின் இரைச்சலுக்கு மேலே கேட்கப் பழகிய குரல் அது.

அவள் தையற்காரி. முன்னறையில் அவளுடைய மெஷின், அதற்கு எதிரே அவருடைய கட்டில், கட்டிலை ஒட்டி ஜன்னல். ஜன்னலிலிருந்து பஸ் நிறுத்தம் தெரியும். காலையில் அவரை நாற்காலியில் உட்காரவைத்து ஜன்னலோரம் தள்ளிவிட்டால் போதும். பஸ்ஸிலிருந்து இறங்கும் பழைய பையன்களில் யாராவது ஒருவன் அண்ணாந்து பார்த்துக் கையாட்டுவான். “அவன் மறுபடி தொப்பை போட்டுட்டான்” என்று இங்கிருந்தே சந்தோஷமாகச் சலித்துக்கொள்வார். அந்த ஜன்னலைத் தவிர அவர் வேறெதையும் கேட்டதில்லை.

அன்று சாயங்காலமே அவருடைய அக்கா வந்துவிட்டாள். பஸ் நிலையத்தில் டிக்கெட் கவுண்டரில் வேலை. கண்ணாடிக்குப் பின்னாலிருந்து பேசிப் பேசி, ரகசியத்தைக்கூடத் தெருவுக்கே கேட்கும்படிதான் சொல்வாள்.

“இந்தா பாரும்மா, நான் கல்நெஞ்சுக்காரி இல்ல. அவன் என் தம்பி. ஆனா நீயும் படுத்துட்டா ரெண்டு பேருக்கும் யாரு தண்ணி குடுப்பா? பராமரிப்பு இல்லம் ஒண்ணு பாத்துட்டு வந்திருக்கேன். சுத்தமா இருக்கு.”

“ஜன்னல் இருக்கா அண்ணி?” என்று கேட்டாள் அவள்.

“இருக்கு. மதில் தெரியும்.”

முதுகைக் காட்டப் போன ஆஸ்பத்திரியிலும் ஏறக்குறைய இதையேதான் சொன்னார்கள். மாதக் கடைசியில் நர்ஸ் வீட்டுக்கு வருவார். அவர் கண்ணெதிரே அவள் கணவனைக் கட்டிலிலிருந்து நாற்காலிக்கு விழாமல் மாற்றிக் காட்ட வேண்டும். முடிந்தால் வீடு, முடியாவிட்டால் இல்லம்.

அக்கா போனதும் அவர் தொண்டையைச் செருமினார்.

“ஒரு மாசம் இருக்குல்ல? போதும்.”

“எதுக்குங்க?”

“உன் வயித்துக்கு.”

“எனக்கு வலி முதுகுலங்க.”

“வலி முதுகுலதான். வேலை செய்யாதது வயிறு. அது லீவு போட்டுட்டு உக்காந்திருக்கு, முதுகு ரெண்டு ஆள் வேலையும் பாக்குது. அதான் கத்துது.”

அந்த வயிற்றைப் பற்றி அவளுக்கே நல்ல அபிப்பிராயம் கிடையாது. இரண்டு முறை கத்தி பட்ட வயிறு. ஒன்று மகளுக்காக, அவள் இப்போது தூர ஊரில் வேலை பார்க்கிறாள். இன்னொன்று பிறந்த அன்றே போய்விட்ட பையனுக்காக. அதற்குப் பிறகு அடிவயிறு, நாடா உருவின பாவாடை மாதிரி ஆகிவிட்டது. ஊரார் வயிற்றையெல்லாம் இறுக்கிக்கொண்டிருந்த மனிதர் எத்தனையோ தடவை கூப்பிட்டும் அவள் ஒருநாள்கூடத் தரையில் பாய் விரித்ததில்லை. தையல் குவிந்து கிடக்கிறது என்பாள். உண்மையாகவே குவிந்துதான் கிடக்கும்.

முதுகு கொஞ்சம் இளகும்வரை பொறுத்தாள். அந்த மாதம் காலையிலும் மாலையிலும் வந்து அவரை மாற்றிவிட்டுப் போவது பிளம்பரின் வேலையாயிற்று. முதுகு இளகியதும் கட்டிலுக்குப் பக்கத்தில் தரையில் படுத்து, இரண்டு கைகளையும் தலைக்குப் பின்னால் கோத்து, டிவியில் பார்த்த மாதிரி முக்கி எழுந்தாள்.

“யாரு உன்ன எந்திரிக்கச் சொன்னா? படு.”

“வயித்த மடக்கணும்ல?”

“எத்தனை பேருக்குச் சொல்லிருப்பேன் இத! வயிறு மடங்கறதுக்கு இல்லடி, மடங்காம நிக்கறதுக்கு. என்னைத் தூக்கறப்போ நீ மடங்கணுமா, நிக்கணுமா?”

முழங்கால்களை மடக்கிப் பாதங்களைத் தரையில் ஊன்றச் சொன்னார். படுத்திருக்கும்போது இடுப்புக்கும் தரைக்கும் நடுவே ஒரு கை நுழைகிற இடைவெளி இருக்கும். அதைத் தரையோடு அழுத்தி மூட வேண்டும். அப்படியே வைத்துக்கொண்டு ஒரு காலைத் தூக்கி, மெல்ல நீட்டி, திரும்ப வைக்க வேண்டும். பிறகு மறுகால். கேட்கும்போது குழந்தை விளையாட்டு மாதிரிதான் இருந்தது.

ஆனால் கட்டிலில் கிடக்கும் அவருக்குத் தரையில் கிடக்கும் அவள் தெரியமாட்டாள். இடுப்பு தரையிலேயே இருக்கிறதா, எழும்பிவிட்டதா என்று எப்படிக் கண்டுபிடிப்பது? சிறிது யோசித்துவிட்டு, “உன் நாடால ஒண்ணு எடு” என்றார்.

அவளுடைய பெட்டியில் நீளமான பருத்தி நாடா இருந்தது. ஒரு முனையை இடுப்புக்கு அடியில் விரித்துப் படுத்துக்கொண்டாள். மறுமுனையை அவருடைய விரல்களில் சுற்றிவிட்டாள்.

“நான் இழுத்துக்கிட்டே இருப்பேன். இடுப்பு அழுந்தியிருந்தா நாடா வராது. தூக்கு கால.”

அவள் காலைத் தூக்கினாள். நாடா ‘சர்’ரென்று அவர் கைக்குப் போய்விட்டது.

“போச்சு. மறுபடி.”

மறுபடியும் போனது. அந்த வாரம் முழுக்க அது போய்க்கொண்டேயிருந்தது. அவள் பல்லைக் கடித்தாள், முகம் சிவந்தாள், வியர்த்தாள். சோம்பேறித்தனம் இல்லை, ஆனாலும் வயிறு பிடிகொடுக்கவில்லை. எத்தனையோ உடம்புகளைப் படித்தவருக்குத் தன் வீட்டு உடம்பு மட்டும் புரியவில்லை.

புரிந்தது ஒரு மதியம். அவள் திரைச்சீலை ஒன்றுக்கு ஓரம் அடித்துக்கொண்டிருந்தாள். நீளமான நேர்த்தையல். மெஷின் ஓடியது, ஓடியது, கடைசியில் நின்றது. நின்றவுடன் ‘ஹும்ம்’ என்று ஒரு பெருமூச்சு. அடுத்த ஓரம் ஓடி நின்றதும் மறுபடி ‘ஹும்ம்’. கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டிருந்தவர் திடீரென்று, “வாயில என்ன?” என்றார்.

“ம்ம்.”

“எடுத்துட்டுச் சொல்லு.”

உதடுகளுக்கு நடுவில் வரிசையாகக் கவ்வியிருந்த குண்டூசிகளை எடுத்தாள். “குண்டூசிங்க. எப்பவும் வெக்கறதுதானே?”

“தையல் ஓடறப்போ நீ மூச்சு விடுறியா?”

அவள் யோசித்தாள். இதுவரை யாரும் கேட்டதில்லை. வாயில் ஊசி இருக்கிறது. மூச்சு ஆடினால் கை ஆடும், கை ஆடினால் கோடு கோணும். தொழில் கற்ற நாளிலிருந்தே தையல் தொடங்கும்போது மூச்சைப் பிடித்து, நூலை அறுக்கும்போதுதான் விடுவாள். பிறகு அது எல்லா வேலைக்கும் தொற்றிக்கொண்டது. ஊசியில் நூல் கோக்க, இறுகின மூடியைத் திறக்க, பீரோவை நகர்த்த, அவரைத் தூக்க. கடினமாக ஒன்று வந்தால் மூச்சு தானாக நின்றுவிடும்.

“கண்டுபிடிச்சுட்டேன்!” அவர் குரலில் பழைய கூடத்துச் சந்தோஷம் தெரிந்தது. “நீ மூச்ச அடைச்சுக்கிட்டு வேலை செய்யறே. அடைச்சா வயிறு பலூன் மாதிரி வெளிய தள்ளுது, உள்ள இறுக மாட்டேங்குது. கஷ்டமான எடத்துலதான் மூச்ச வெளிய விடணும். கடைசிக் காத்து போறப்போதான் அடிவயிறு வேலைக்கே வரும்.”

தெரிந்துவிட்டது, சரி. செய்வது வேறு. தரையில் படுத்துக் காலைத் தூக்கும் கணத்தில் மூச்சு கதவைச் சாத்திக்கொண்டது. ஊதிப் பார்த்தாள், மறந்தது. பாடச் சொன்னார், வெட்கப்பட்டாள்.

“அப்ப திட்டு.”

“யாரங்க?”

“இந்த ரூம்ல வேற யாரு இருக்கா? மூச்ச அடைச்சுக்கிட்டு யாராலயும் திட்ட முடியாது. ம், ஆரம்பி.”

அவள் காலைத் தூக்கினாள். “நீங்க… நீங்க ரொம்ப மோசங்க.”

“இதுக்கு நாடாவே சிரிக்கும். ஏதாவது கோவம் இருக்குமே?”

“அப்படியெல்லாம் ஒண்ணும்…” என்று சொல்லிக்கொண்டிருந்தவள் நிறுத்தினாள். எங்கிருந்தோ ஒன்று ஞாபகம் வந்தது. “ஈரத் துண்டக் கட்டில்ல போடுவீங்க!” என்றாள். கால் மேலே போனது. நாடா நகரவில்லை.

அவர் இன்னொருமுறை இழுத்துப் பார்த்தார்.

“இன்னொண்ணு,” என்றார் அவர் மெதுவாக.

“எங்கண்ணன் கல்யாணத்துக்குக் கடைசி பஸ்ல வந்து எறங்குனீங்க! சாப்பாட்டுக்கு மட்டும் முதல் பந்தி!”

“அபாரம். அடுத்த கால்.”

“என் நல்ல கத்திரியில அட்டப்பெட்டி வெட்டுனீங்க, கேட்டதுக்குச் சிரிச்சீங்க!”

சரக்குக்குப் பஞ்சமே இல்லை. இத்தனை வருடமாகப் பேசாமல் விழுங்கினதெல்லாம் பத்திரமாக அடுக்கி வைத்த துணி மாதிரி வெளியே வந்தது. அவர் கட்டிலில் கிடந்தபடி ரசித்தார், திருத்தினார். “நீளமா திட்டு. துண்டு துண்டா திட்டுனா மேல்வயிறோட நின்னுடும். திட்டுறதுலயும் என்ன ‘ங்க’ வேண்டிக் கிடக்கு?”

“அது அப்படித்தாங்க வருது.”

சில நாள் கழித்து மாடிப்படியில் பிளம்பர் அவளை நிறுத்தினார். “அக்கா, தப்பா நெனைக்காதீங்க. காலையில தினமும் சத்தம் கேக்குது. சார் பாவம், முடியாதவரு…”

“வயித்துக்குப் பயிற்சிங்க.”

“யார் வயித்துக்கு?”

“என் வயித்துக்கு.”

பிளம்பர் தலையை ஆட்டிக்கொண்டே இறங்கிப் போனார்.

திட்டோடு வாளியும் சேர்ந்தது. ஒரு கையில் மட்டும் தண்ணீர் வாளியைத் தூக்கிக்கொண்டு, எந்தப் பக்கமும் சாயாமல் சமையலறைக்கும் முன்னறைக்கும் நடக்க வேண்டும். சாய விடாமல் பிடிப்பதும் வயிற்றின் வேலைதானாம். குண்டூசிகள் உதட்டைவிட்டு மணிக்கட்டில் கட்டிய சிறு பஞ்சு மெத்தைக்குக் குடிபோயின. பழைய பயணப் பை ஒன்றைப் பிரித்து, அவர் இடுப்பில் கட்டிப் பிடித்துத் தூக்குவதற்காக, இருபுறமும் கைப்பிடி வைத்த அகலமான பட்டி ஒன்றைத் தைத்தாள்.

மாதம் முடியப் போகையில் ஒரு காலை, நாடா ஒரு தடவைகூட நழுவவில்லை. மறுநாளும் அப்படியே.

“பாத்தியா?” என்றார் அவர். அவள் தரையிலிருந்தபடியே வாய்விட்டுச் சிரித்தாள்.

அன்று மதியம் தண்ணீர் கொடுத்தாள். டம்ளர் அவர் கையில் நிற்கவில்லை. விரல்கள் மடங்கின, ஆனால் பிடிக்கவில்லை. டம்ளர் உருண்டு மெஷினுக்கு அடியில் போயிற்று. அவள் அதைத் தேடி எடுத்துக்கொண்டு நிமிர்ந்தபோது அவருடைய விரல்களையே பார்த்தபடி நின்றாள். காலையில் நாடாவைப் பிடித்திருந்த அதே விரல்கள்.

தன் வயிறு இறுகியதா, அவர் கை தளர்ந்ததா?

துணியை எடுத்துத் தரையைத் துடைத்தாள். பிறகு கேட்டாள். “காலையில நெஜமாவே இழுத்தீங்களா?”

“இழுத்தேன்.”

“முழு பலத்தோடயா?”

அவர் ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தார். “இருக்கற பலத்தோட.”

வேறு யாரையாவது இழுக்கச் சொல்லிப் பார்த்துவிடலாம்தான். கையில் இருக்கிற கொஞ்ச நம்பிக்கையும் போய்விட்டால் என்று பயந்து, நாடாவைச் சுருட்டி மெஷின் மேலே வைத்தாள்.

நர்ஸ் வந்த அன்று அக்காவும் லீவு போட்டுவிட்டு வந்திருந்தாள். நர்ஸ் பெரிய உருவம், சின்னக் குரல். கழுத்தில் கயிறு கட்டிப் பேனா தொங்கியது. முதலில் நாற்காலியின் பிரேக்கை அழுத்திப் பார்த்தார், பிறகு தானே அதில் ஒருமுறை உட்கார்ந்து எழுந்தார். “கால அகட்டி வெச்சுக்குங்கம்மா. அவர் முழங்கால உங்க முழங்காலால அணைச்சுக்குங்க. அவசரமே இல்ல.”

அவள் அவரைக் கட்டிலின் ஓரத்தில் உட்காரவைத்தாள். பட்டியின் கைப்பிடிகளைப் பற்றினாள். மூன்றாவது மனுஷி ஒருத்தி பேனாவோடு நிற்கிறாள், நாத்தனார் வேறு கையைப் பிசைந்துகொண்டு நிற்கிறாள். அவர்கள் முன்னால் எப்படித் திட்டுவது? வாயை இறுக மூடிக்கொண்டு தூக்கினாள். மூச்சு பழையபடி கதவைச் சாத்திக்கொண்டது. அவர் பாதி எழுந்தார். வயிறு வெளியே தள்ளியது. முதுகில் ஆணி ஒருமுறை அசைந்து காட்டியது. அவருடைய முழங்கால் வழுக்கியது.

“திட்டு,” என்றார் அவர் அவள் காதுக்குள்.

“அவங்க இருக்காங்களே…”

“திட்டுடி. விழப்போறேன்.”

“ஒரு பொம்பளைய என்ன பாடு படுத்துறீங்க நீங்க, இத்தனை வருஷமும் தலைமேல ஏறி உக்காந்தது போதாதுன்னு இப்ப எருமைக்கடா மாதிரி கழுத்தக் கட்டிக்கிட்டுத் தொங்குறீங்களே, எதுக்கும் அசையாத மனுஷன், உக்காந்துதான் தொலைங்களேன்!”

ஒரே மூச்சு. அது நீளமாக வெளியே போகப் போக அடிவயிறு இடுப்புப் பட்டியை இறுக்கின மாதிரி உள்ளே போயிற்று, முதுகு நிமிர்ந்தது. வார்த்தைகளுக்கு நடுவிலேயே அவர் எழுந்து, திரும்பி, நாற்காலியில் உட்கார்ந்திருந்தார்.

கீழே பஸ் வந்து நின்றது கேட்டது. நர்ஸின் பேனா கயிற்றில் ஆடிக்கொண்டிருந்தது.

“தினமும் இவர்கிட்ட இப்படித்தான் பேசுவீங்களா?” அந்தச் சின்னக் குரல் மாறியிருந்தது.

அவள் பட்டியின் கைப்பிடிகளை விட்டுவிட்டு நர்ஸைப் பார்த்தாள். தூக்கி ஜெயித்துவிட்டு, பேசித் தோற்றுவிட்டேனா?

“பேசலன்னா ரெண்டு பேரும் விழுந்துருவோம் சிஸ்டர்,” என்றார் அவர், சிரித்துச் சிரித்து மூச்சு வாங்க. குண்டூசியில் ஆரம்பித்து எல்லாவற்றையும் சொன்னார். நர்ஸ் அவர் முகத்தையே கவனித்தபடி கடைசிவரை கேட்டார். பிறகு பேனாவை விட்டுவிட்டு, “அந்த நாடா எங்க?” என்றார்.

அவள் தரையில் படுத்தாள். நர்ஸ் முழங்காலிட்டு மறுமுனையைப் பிடித்தார். அவள் காலைத் தூக்கி, வாய்க்குள் ஏதோ முணுமுணுத்தபடி நீட்டினாள். நர்ஸ் இழுத்தார். கையில் சுற்றிக்கொண்டு மறுபடி இழுத்தார்.

“நல்லா இழுங்க சிஸ்டர்,” என்றாள் அவள். அவளுக்கும் தெரிந்தாக வேண்டியிருந்தது.

“இழுக்கறேம்மா. வரலையே!”

நாடா விறைத்து நின்றது. அவள் தரையிலிருந்து அவரைப் பார்த்தாள். நாற்காலியில் அவர் முகம் அவள் பக்கமாகத்தான் இருந்தது. அவர் கண்களை மூடிக்கொண்டிருந்தார், இமையோரம் நனைந்திருந்தது. அவர் கை தளர்ந்தது நிஜம். அவள் வயிறு இறுகியதும் நிஜம். தன் விரல்கள் கைவிடுவதற்குள் அவளை இந்த இடத்துக்குக் கொண்டுவந்துவிட வேண்டும் என்று அவர் ஓட்டமாக ஓடியிருக்கிறார், படுத்த படுக்கையாக.

“இத நான் எப்படி எழுதறது?” என்று நர்ஸ் சிரித்துக்கொண்டே பேனாவைத் தேடினார். அக்கா மூக்கை உறிஞ்சினாள், அதுவும் தெருவுக்கே கேட்டது.

அதற்குப் பிறகு அவர் அந்த ஜன்னலோரம் ஒரு மழைக்காலமும் ஒரு வெயில்காலமும் பார்த்தார். காலையில் தூக்கி உட்காரவைப்பாள், மாலையில் தூக்கிப் படுக்கவைப்பாள். திட்டு தவறவில்லை, முதுகும் தவறவில்லை. நாளாக ஆகக் குற்றங்கள் தீர்ந்துபோயின. எத்தனை நாளைக்குத்தான் ஈரத் துண்டையே திட்டுவது? மூச்சு போக வேண்டும், வார்த்தை வேண்டும். அதனால் அதே கோபக் குரலில் வேறு விஷயங்கள் வர ஆரம்பித்தன.

“கொட்டுற மழையில என் மெஷினத் தோள்ல தூக்கிட்டு மூணு தெரு நடந்து வந்தீங்களே, யாரு உங்களக் கேட்டா!”

“பையன் போன அன்னிக்கு, எல்லாரும் ஆறுதல் சொல்லிட்டிருந்தப்போ ஒரு வார்த்தை பேசாம என் தலையச் சீவி விட்டீங்களே, எப்படிய்யா தெரிஞ்சுது உங்களுக்கு!”

அவருடைய குரலும் போய்விட்டிருந்த காலம் அது. பதில் கண்களில் வரும்.

ஒரு காலையில் அவரை உட்காரவைத்து, கால்களைச் சரியாக வைத்து, ஜன்னலைத் திறந்துவிட்டாள். கீழே ஒருவன் பஸ்ஸிலிருந்து இறங்கிக் கையாட்டினான். அவருக்குப் பதிலாக அவள் ஆட்டினாள். திரும்பிப் பார்த்தபோது அவர் மூச்சை நீளமாக வெளியே விட்டுக்கொண்டிருந்தார். கஷ்டமான இடத்தில் வெளியேதான் விட வேண்டும் என்று சொன்னவர். அது திரும்ப உள்ளே வரவில்லை.

அவர் போனது மதில் தெரியும் ஜன்னலில் இல்லை. இங்கே, பஸ் நிறுத்தத்துக்கு நேராக. அதற்காக அவள் யாருக்கு நன்றி சொல்வது என்று தெரியாமல், தன் வயிற்றின் மேல் கையை வைத்துக்கொண்டு வெகுநேரம் நின்றாள். அது கெட்டியாக இருந்தது. அவர் கட்டிக்கொடுத்த கெட்டி.

கட்டிலை எடுத்த இடத்தில் இப்போது பாய் இருக்கிறது. காலையில் நாடாவை விரித்து அதன்மேல் படுக்கிறாள். மறுமுனை தரையில் சும்மா கிடக்கும்.

போன வாரம் அவருடைய அக்கா வந்தாள். நாற்காலியில் உட்காரும்போது ‘அம்மாடி’ என்றாள், எழுந்திருக்கும்போது இன்னும் பெரிதாக ‘அம்மாடி’ என்றாள். பகலெல்லாம் கவுண்டரில் உட்கார்ந்தே இருக்கிற முதுகு. கொஞ்ச நேரம் வேறெதையோ பேசிக்கொண்டிருந்துவிட்டு, தன் அளவுக்குத் தணிந்த குரலில் கேட்டாள்.

“ஏம்மா, அந்த நாடா… இந்த வயசுக்கு மேல எனக்கெல்லாம் சரிப்படுமா?”

“படுங்க அண்ணி.”

முனகிக்கொண்டே படுத்தாள். முழங்காலை மடக்க வைத்து, இடுப்புக்கு அடியில் நாடாவை விரித்துவிட்டு, அவள் மறுமுனையைத் தன் விரல்களில் சுற்றிக்கொண்டாள். இத்தனை நாளில் அந்த முனையை அவள் தன் விரலில் சுற்றிப் பிடித்ததேயில்லை. அங்கே, அவருடைய விரல்கள் பட்டுப் பட்டு, துணி மெத்தென்று ஆகியிருந்தது.

“இப்ப திட்டிக்கிட்டே ஒரு காலத் தூக்குங்க.”

“யாரத் திட்டறது?”

“உங்க தம்பியத்தான்.”

அண்ணி கூரையைப் பார்த்தாள். முகம் கோணியது. அழப்போகிறாள் என்று இவள் நினைத்தாள்.

“என் சைக்கிள் பெல்லக் கழட்டி வித்து மிட்டாய் தின்னான், திருட்டுப் பய!”

கால் எழுந்தது. நாடா ‘சர்’ரென்று கைக்கு வந்துவிட்டது. இரண்டு பேருக்கும் சிரிப்பு அடங்க வெகுநேரம் ஆயிற்று. கண்ணைத் துடைத்துக்கொண்டு அவள் நாடாவைத் திரும்ப இடுப்புக்கு அடியில் தள்ளினாள்.

“பத்தாது அண்ணி. இன்னும் நீளமா. அவரப் பத்தி உங்ககிட்ட இல்லாததா?”

அண்ணி மூச்சை நன்றாக உள்ளே இழுத்துக்கொண்டாள்.